யாத்திரையில் கிடைத்த பெயர்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



சில ஆண்டுகளுக்கு முன் விருத்தாசலத்தில் அடியேன் உபந்யாஸம் செய்து முடித்த ஓர் இரவு. கூட்டம் கலைந்த பின்பும் ஓர் அன்பர் தூணோரமாகத் தயங்கி நின்றார். அவ்வூரின் பீங்கான் சூளைகளுள் ஒன்றில் பணிபுரிபவர் அவர். அருகே அழைத்து விசாரித்தபோது, தம் மனக்குறையைச் சொன்னார்:

"ஸ்வாமி, க்ஷேத்திராடனம் செய்ய வேண்டும் என்று சொன்னீர்கள். சூளையில் தீ மூட்டிவிட்டால் அதைவிட்டு அகல முடியாத பிழைப்பு என்னுடையது. என் தாயார், மாசி மகத்திற்குக் கிள்ளைக்கு அழைத்துப் போ என்று பல வருஷங்களாகக் கேட்கிறார். அவருக்குக் கண்பார்வை மங்கி வருகிறது. பெருமாள் எங்கும் உள்ளவர் அல்லவா? வீட்டிலிருந்தபடியே நினைத்தால் போதாதா?"

நியாயமான கேள்வி. எம்பெருமான் அந்தர்யாமியாய் நம் நெஞ்சிலேயே எழுந்தருளியிருக்கிறான் என்பது நம் சித்தாந்தம். ஆயினும் திருமங்கையாழ்வார் 80-க்கும் மேற்பட்ட திவ்ய தேசங்களைப் பாடியிருக்கிறார். நெஞ்சில் உள்ளவனைத் தேடி அவர் ஏன் இத்தனை தூரம் நடந்தார்? இதற்கு விடை சொல்ல அந்த அன்பரின் தொழிலையே அடியேன் துணைக்கு அழைத்தேன்.

"பிசைந்த களிமண்ணை உடனே அச்சில் இடுவீர்களா?" என்று கேட்டேன். "இல்லை ஸ்வாமி, ஈரம் காயாமல் மூடிவைத்துப் பதப்படுத்துவோம், அப்போதுதான் மண் சொன்னபடி கேட்கும்" என்றார். "வெந்து முடிந்ததும் சூளையை உடனே திறந்துவிடுவீர்களா?" என்றேன். "ஐயையோ! நிதானமாக ஆறவேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் அத்தனையும் விரிசல் கண்டுவிடும்" என்றார்.

மண்ணுக்கு இருக்கும் இந்த நியாயம் மனிதனுக்கும் உண்டு. பிசையப்படுவதும் வேகுவதுமே வாழ்க்கை என்று இருந்துவிட்டால், வெளியே பளபளப்பு இருக்கலாம். உள்ளே விரிசல் ஓடியிருக்கும். இல்லத்தில் தாயும் மகனும் பேசிக்கொள்ள ஒரு நாழிகை இல்லை என்னும்போதே அந்த விரிசல் தொடங்கிவிட்டது. ஆறுவதற்கென்று பெரியோர் வகுத்த வழிகளுள் ஒன்று யாத்திரை.

இளைப்பாறுவது சோம்பல் என்று எண்ண வேண்டாம். விருத்தாசலத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஸ்ரீமுஷ்ணத்தைப் பாருங்கள். தானாகத் தோன்றிய ஸ்வயம்வ்யக்த க்ஷேத்திரங்கள் எட்டினுள் ஒன்று அது. ஹிரண்யாக்ஷனை வதைத்து, பூமிப்பிராட்டியை நீரினின்றும் எடுத்து வந்த பூவராஹப் பெருமான், அங்கே சாளக்கிராமத் திருமேனியாய்ச் சேவை சாதிக்கிறான். அவன் திருமேனியில் அரும்பிய வியர்வையே நித்யபுஷ்கரிணியாயிற்று என்றும், திருக்கண்களிலிருந்து அசுவத்த மரமும் திருத்துழாயும் தோன்றின என்றும் தலபுராணம் கூறும். மண்ணைக் காக்க உழைத்தவனுக்கும் வியர்த்தது. அவ்வியர்வையே பிறர் நீராடும் குளமாயிற்று. மண்ணோடு உழைத்து நாளெல்லாம் வியர்வை சிந்தும் அடியார்களுக்கு இதைவிட ஆறுதலான ஸந்நிதி ஏது?

அந்த எட்டு க்ஷேத்திரங்களையும் எண்ணிப் பார்த்தால் மற்றோர் உண்மையும் விளங்கும். பதரி பனிமலை, திருவேங்கடம் ஏழுமலை, ஸாளக்கிராமம் கண்டகி நதி, திருவரங்கம் காவிரியின் நடுவே அமைந்த தீவு. நைமிசாரண்யத்தில் வனத்தையே பெருமாளாகவும், புஷ்கரத்தில் நீரையே பெருமாளாகவும் சேவிப்பது மரபு. மலையும் நதியும் காடும் அவனுக்குச் சரீரம் என்பது நம் ஸம்பிரதாயம். ஆகவே வழியில் தென்படும் வயலையும் ஏரியையும் கண்டு மனம் குளிர்வதும் பகவத் அநுபவத்தில் சேர்ந்ததே.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து மேலும் சென்றால் காட்டுமன்னார்கோயில். வீரநாராயணபுரம் என்னும் திருப்பெயர் கொண்ட அவ்வூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து வீரநாராயண ஏரி இன்று வீராணம் என்ற பெயரில் விளங்குகிறது. அவ்வூரில் அவதரித்தவர் நம் ஆசார்ய பரம்பரைக்கு முதல்வரான ஸ்ரீமந் நாதமுனிகள். மன்னனார் ஸந்நிதியில் கைங்கரியம் செய்துவந்த அவர், ஒருகால் குடும்பத்தோடு வடநாட்டு யாத்திரை புறப்பட்டார். மதுரா, பிருந்தாவனம், கோவர்த்தனம் என்று சேவித்து, யமுனைக் கரையில் கண்ணனை அநுபவித்து அங்கேயே தங்கிவிட்டார். அப்போது மன்னனார் கனவில் தோன்றி, திரும்பி வருமாறு நியமித்தருளினார் என்று குருபரம்பரை கூறும். நாதமுனிகளும் மறுக்காமல் ஊர் திரும்பினார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. போகச் செய்தவனும் அவனே. திரும்ப அழைத்தவனும் அவனே. யாத்திரை என்பது கடமையை விட்டு ஓடுவதன்று. சென்ற இடத்துக் குளிர்ச்சியை எடுத்துக்கொண்டு, விட்ட பணிக்கே திரும்பி வருவது.

அவர் கொண்டுவந்தது என்ன? ஒரு பெயர். தம் குமாரர் ஈச்வரமுனிகளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு, 'யமுனைத்துறைவன்' என்று திருநாமம் இடும்படி பணித்துவிட்டே அவர் திருநாடு எழுந்தருளினார் என்பர். பாட்டனார் பேரனைக் கண்ணால் காணவில்லை. ஆனால் குடும்பமாகச் சென்ற யாத்திரையின் நினைவைப் பெயராக்கி அவனுக்கு வைத்துப் போனார். அந்தப் பேரனே ஆளவந்தார். அவர் திருவுள்ளத்தை நிறைவேற்ற வந்தவரே எம்பெருமானார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாதமுனிகள் ஊர் திரும்பியிருந்த காலத்தில், யாத்திரையாக வந்த சில ஸ்ரீவைஷ்ணவர்கள் மன்னனார் ஸந்நிதியில் திருக்குடந்தை ஆராவமுதனைப் பற்றிய பாசுரங்களைச் சேவித்தார்கள். ஆயிரத்துள் பத்து என்று அதில் வருவதைக் கேட்டு, எஞ்சியவற்றைத் தேடித் திருக்குருகூர் சென்றார் நாதமுனிகள். நம்மாழ்வார் அருளால் நாலாயிரமும் கிடைத்தது. தம் மருமக்களான கீழையகத்தாழ்வானையும் மேலையகத்தாழ்வானையும் கொண்டு அதைத் தேவகானத்தில் இசைத்துப் பரவச் செய்தார். யாரோ சிலர் வழிநடந்து வந்ததால் வேதம் தமிழ் செய்தது நமக்கு மீண்டது. ஒரு குடும்பம் கூடிப் பாடியதால் அது நிலைத்தது.

இதையெல்லாம் சொல்லி, "எல்லாரும் காசிக்கும் பதரிக்கும் போக இயலாது. அதற்காகத்தானே பெருமாளே புறப்பட்டு வருகிறார்? மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் வழிநெடுக மண்டகப்படி கண்டருளி, கிள்ளைக் கடலில் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். அவர் அவ்வளவு தூரம் வரும்போது நாம் சிறிது தூரம் போகக் கூடாதா? தாயாரின் கண் காத்திருக்காது" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் சேவித்துவிட்டுச் சென்றார்.

மறு ஆண்டு அவரே வந்து சொன்னார். உடன் வேலை செய்வோரிடம் முறையை மாற்றிக்கொண்டு, தாயார், மனைவி, மகள் எல்லாருமாகப் போனார்களாம். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டையொட்டிய கரையோரம். இசுலாமியப் பெருமக்களும் பெருமாளை எதிர்கொண்டு மரியாதை செய்யும் ஊர். கூட்டத்தில் தாயாருக்குத் திருமேனி சரியாகத் தெரியவில்லை. நாகஸ்வர ஓசை கேட்ட திக்கு நோக்கிக் கைகூப்பினார். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அலையில் கால் நனைத்தார். பிறகு மணலில் அமர்ந்து, தாம் சிறுமியாய் இருந்தபோது தகப்பனாரின் மாட்டுவண்டியில் இதே கரைக்கு வந்த கதையை முதன்முதலாகச் சொன்னார். வண்டிமாடுகளின் பெயரைக்கூட மறக்கவில்லை.

"நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் கதை எனக்குத் தெரியாது ஸ்வாமி" என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. அடுத்த ஐப்பசியில் அந்த அம்மையார் ஆசார்யன் திருவடி அடைந்துவிட்டார். வீட்டில் இப்போது அந்த மாடுகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பவள் பேத்திதான்.

யமுனைக் கரையிலிருந்து ஒரு பெயர் வந்ததுபோல், கிள்ளைக் கரையிலிருந்தும் ஒரு பெயர் ஓர் இல்லத்திற்கு வந்து சேர்ந்தது. பெருமாளின் கருணைக்கு இரண்டும் ஒன்றே.

அன்பர்களே! இந்த உத்ஸவத்தைச் சேவிக்க வந்திருக்கும் நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். வீட்டிலுள்ள முதியோரிடம், அவர்கள் சேவிக்க விரும்பும் ஸந்நிதி எது என்று இன்றே கேளுங்கள். அடுத்த ஆண்டு என்று தள்ளாமல் நாளைக் குறியுங்கள். குழந்தைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். வழியில் உள்ள ஏரிக்கரையில் சிறிது நேரம் அமர்ந்து, பெரியவர்கள் பேசட்டும் என்று காத்திருங்கள். சூளை ஒரு நாள் ஆறினால் குறை ஒன்றுமில்லை. திரும்பி வந்து மூட்டினால் தீ நன்றாகவே எரியும்.

எல்லாக் குடும்பங்களும் குளிர்ந்து வாழ ஸ்ரீ அம்புஜவல்லித் தாயார் ஸமேத ஸ்ரீ பூவராஹப் பெருமாள் திருவருள் புரிவாராக!

அடியேன் ராமாநுஜ தாஸன்