மிச்சமிருக்கும் பங்காளி

ஓசூர் சிப்காட்டில் ஒரு லைனில் ஆள் வரவில்லை என்றால் லைன் நிற்காது. ரிலீவர் ஒருத்தர் வந்து நிற்பார், ஷிஃப்ட் முடிவதற்குள் எண்ணிக்கை சரியாகிவிடும். அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகும் எங்களுக்கும் இதே கதைதான். மென்பொருள்காரர்கள் இதற்கு 'பஸ் ஃபாக்டர்' என்று பெயர் வைத்திருக்கிறோம். டீமில் எத்தனை பேரை பஸ் அடித்தால் ப்ராஜெக்ட் படுத்துவிடும்? விடை ஒன்று என்றால் மோசமான டீம். யார் போனாலும் வேலை ஓடணும். இந்த ஊரின் மொத்த ஏற்பாடும் அதற்காகத்தான்.

இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் பேண்டில் அந்த எண் எப்போதும் ஒன்றுதான்.

இங்கே எனக்குத் தெரிந்த கிட்டார்காரர் ஒருவர் இருக்கிறார். பகலில் ஷிஃப்ட், ராத்திரியில் மொட்டை மாடி. நண்பனோடு சேர்ந்து ஏழெட்டுப் பாட்டு போட்டிருந்தார். வரி எழுதுவதும் பாடுவதும் நண்பன். கிருஷ்ணகிரி ரோட்டில் ஒரு விபத்தில் அவன் போய்விட்டான். ஒன்றரை வருஷம் கழித்து, பெங்களூரில் ஒரு சின்ன மேடையில் தனியாக வாசிக்க இவரைக் கூப்பிட்டார்கள். இவர் என்னிடம் கேட்டது இதுதான்: "அவன் பாட்டை நான் பாடினா திருடுற மாதிரி இருக்கு. பாடலைன்னா திரும்ப ஒருக்கா அவனைப் பொதைக்கிற மாதிரி இருக்கு. என்னங்க பண்றது?"

இசை உலகில் பெரிய ஆட்களும் இந்த இடத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன பதில்கள் ஒன்றோடொன்று சேர்வதில்லை.

இந்தி சினிமாவின் சங்கர்-ஜெய்கிஷன் இரட்டையர் 1949இல் 'பர்சாத்' படத்தில் தொடங்கினார்கள். 1971 செப்டம்பரில் ஜெய்கிஷன் இறந்தார். சங்கர் அதற்குப் பிறகு 1987இல் தான் சாகும்வரை படங்களுக்கு இசையமைத்தார். டைட்டிலில் இரண்டு பெயருமே தொடர்ந்தன. இறந்தவர் தொடாத மெட்டுக்கும் இறந்தவர் பெயர். இதை விசுவாசம் என்று சொல்லலாம், மார்க்கெட்டில் விலைபோகும் பெயரை விட மனசில்லை என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே மனிதருக்குள் இருந்திருக்கக்கூடும். எப்படி இருந்தாலும், சங்கர் தனியாக என்ன செய்தார் என்பது அந்தப் பெயருக்குள்ளேயே மறைந்துபோனது. விசுவாசத்துக்கு அவர் கொடுத்த விலை அது.

டேவ் க்ரோல் வேறு வழியில் போனார். 1994 ஏப்ரலில் கர்ட் கோபேன் இறந்ததும் நிர்வாணா முடிந்தது. அதில் ட்ரம்ஸ் வாசித்த க்ரோல், அதே அக்டோபரில் சியாட்டிலில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய், ஒரு வாரத்துக்குள் ஒரு ஆல்பத்தைப் பதிவு செய்தார். பாட்டு, கிட்டார், பேஸ், ட்ரம்ஸ் என்று கிட்டத்தட்ட எல்லாமே அவர்தான். ஆனால் அதற்குத் தன் பெயரை வைக்கவில்லை. ஒரு கும்பல் வாசிப்பதுபோலத் தோன்றட்டும் என்று 'ஃபூ ஃபைட்டர்ஸ்' என்று பன்மையில் வைத்தார். அங்கே சங்கர் தன் தனிமையை மறைத்துக்கொண்டது செத்தவர் பெயருக்குப் பின்னால். இங்கே க்ரோல் மறைந்துகொண்டது இன்னும் வராத ஆட்களுக்குப் பின்னால்.

டெல்லியின் 'இந்தியன் ஓஷன்' கதை இன்னும் எளிமையானது. தரையில் உட்கார்ந்து தபலா வாசித்துக்கொண்டே பாடியவர் அஷீம் சக்ரவர்த்தி. 2009 டிசம்பரில் அவர் இறந்தபின், பேண்ட் தபலாவுக்கு ஒருவரையும் பாட்டுக்கு ஒருவரையும் சேர்த்துக்கொண்டது. ஒருத்தர் போன இடத்தில் இரண்டு பேர். ரிலீவர் கணக்கு இங்கே செல்லாது என்பதை அந்த மேடையே ஒப்புக்கொண்டது.

சரி, இவர்கள் எல்லாம் யாரிடம் அனுமதி கேட்டார்கள்?

"அவன் இருந்திருந்தா இதைத்தான் விரும்பியிருப்பான்" என்று சொல்வது வழக்கம். எனக்கு இந்த வாக்கியத்தின் மேல் நம்பிக்கையில்லை. இறந்தவர்கள் நம்மோடு ஒருபோதும் முரண்படுவதில்லை. உயிரோடு இருந்த நண்பன் எவ்வளவு சண்டை போட்டிருப்பான்! இந்த வரி வேண்டாம், அந்த கார்டு வேண்டாம் என்று எத்தனை ராத்திரி! செத்தபின் மட்டும் அவன் எல்லாவற்றுக்கும் சம்மதிக்கிறான் என்றால், அது அவன் சம்மதமாக இருக்க முடியாது.

எங்கள் பக்கம் பசங்க ஒருத்தரை ஒருத்தர் "பங்காளி" என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்தச் சொல்லின் பழைய பொருள் சொத்தில் பங்குள்ள உறவு. பங்குள்ளவனுக்குத் தீட்டும் உண்டு. சாவு விழுந்தால் பங்காளிகள் இத்தனை நாள் என்று ஒதுங்கியிருக்க வேண்டும். அதற்கு ஒரு முடிவுநாளும் இருக்கிறது. பல சமூகங்களில் கருமாதியன்று மாமன் மச்சான் முறைக்காரர்கள் மகனுக்கு உருமால் கட்டுவார்கள். அழுதது போதும், எழுந்து பொறுப்பை எடு என்று அர்த்தம். இந்தச் சடங்கில் சாதியும் ஆண் வாரிசும் அப்பிக்கிடப்பது தெரியாமல் சொல்லவில்லை. அதையெல்லாம் கழித்தாலும் ஒரு விவேகம் மிஞ்சுகிறது: தலைப்பாகையைத் துக்கக்காரன் தானாகக் கட்டிக்கொள்வதில்லை. செத்தவனாலும் கட்ட முடியாது. பங்குக்கு வெளியே நிற்கும் உயிருள்ளவர்கள்தான் வந்து கட்ட வேண்டும்.

பேண்டில் கூட இருந்தவனுக்கு இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. ராயல்டியில் அவனுக்குப் பங்கு உண்டு. துக்கத்துக்கு நாள் குறித்துக் கொடுக்க யாரும் இல்லை. அதனால் துக்கம் முடிவதேயில்லை, இல்லாவிட்டால் முடிந்ததாக அவனே அறிவிக்க வேண்டியிருக்கிறது. அறிவித்தால் "செத்தவன் மேல ஏறி நிக்கிறான்" என்ற பேச்சு வரும்.

2014 ஏப்ரலில் நியூயார்க்கில் நிர்வாணாவுக்கு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் மரியாதை நடந்தது. கோபேன் போய் இருபது வருஷம் ஆகியிருந்தது. மிச்சமிருந்தவர்கள் பழைய பாட்டுகளை வாசித்தார்கள். க்ரோல் அதற்குள் உலகம் அறிந்த பாடகர். ஆனாலும் அன்று அவர் ட்ரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். கோபேனின் மைக்கில் நான்கு பெண்கள், ஜோன் ஜெட், கிம் கார்டன், செயின்ட் வின்சென்ட், லார்ட், ஆளுக்கொரு பாட்டுப் பாடினார்கள். பாட்டு உயிரோடு இருந்தது. அந்த இடத்தை யாரும் சொந்தம் கொண்டாடவில்லை.

கிட்டார்காரருக்கு நான் சொன்னது இதைத்தான். சேர்ந்து செய்த பாட்டை வாசிங்க, இரண்டு பேர் பெயரையும் சொல்லி வாசிங்க. அவன் பாடிய இடத்தை வேறு குரலுக்குக் கொடுங்க, இல்லை சும்மா விடுங்க. புதுசா செய்வதை உங்கள் ஒற்றைப் பெயரில் போடுங்க, நல்லா இல்லைன்னாலும் அந்தப் பழி உங்களுக்கே வரட்டும். கணக்கை நேர்மையாக வைத்திருப்பதுதான் பங்காளி செய்யக்கூடிய மரியாதை.

மிச்ச வேலை கேட்கிறவர்களுடையது. தனியாக வந்து நிற்பவரின் முதல் பாட்டு முடிந்ததுமே "அவன் இருந்தப்ப மாதிரி வரலை" என்று சொல்ல நமக்கு நாக்கு நீளும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் உருமால் கட்டுகிற அன்றைக்கு யாரும் மகனிடம் போய் "உங்கப்பா மாதிரி வருமா" என்று கேட்பதில்லை.