மூன்று பென்னி நீதி

1599ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், சுவிட்சர்லாந்தின் பேசல் நகரத்து இளைஞர் தாமஸ் பிளாட்டர், இலண்டனில் தேம்ஸ் ஆற்றைக் கடந்து, கூரை வேய்ந்த நாடகக் கொட்டகை ஒன்றினுள் நுழைந்தார். ஜூலியஸ் சீசரின் கதை அன்று அங்கே நாடகமாயிற்று. அது ஷேக்ஸ்பியரின் நாடகமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பிளாட்டர் ஊருக்குப் புதியவர். கண்டதை எழுதி வைத்தார். நடிகர் ஏறத்தாழப் பதினைவர், நன்றாக நடித்தனர், முடிவில் ஆண் உடையில் இருவரும் பெண் உடையில் இருவருமாக ஆடினர் என்று நாடகத்தைச் சில வரிகளில் முடித்துவிடுகிறார். அவர் விரித்துரைப்பது வேறொன்றை. ஒரு பென்னி கொடுத்தவன் தரையில் நிற்பான். உட்கார வேண்டுமா, மற்றொரு வாயில், மற்றொரு பென்னி. மெத்தையிட்ட இருக்கை வேண்டுமா, காண்பதோடு பிறரால் காணப்படவும் வேண்டுமா, இன்னும் ஒரு வாயில், இன்னும் ஒரு பென்னி!

கலையைக் காணச் சென்றவன் காசைக் கண்டு வந்தானே என்று நகைப்போர் நகைக்கட்டும். நாம் நகையோம். அரங்கினுள் செல்லும் வழியைக் கவனித்தவர், அந்த நகரத்தையே கவனித்தவர்.

இன்று முதன்முறை இலண்டன் செல்பவரை வெஸ்ட் எண்ட் பகுதியின் விளக்குகள் அழைக்கும். ஏறக்குறைய நாற்பது அரங்குகள்! 1952இல் தொடங்கிய அகதா கிறிஸ்டியின் ‘எலிப்பொறி’ நாடகம், 2020இல் கொள்ளைநோய் கதவடைத்து, 2021இல் மீண்டும் திறந்த இடைவெளி தவிர, ஓயாது நடந்து வருகிறது. ஆடல், பாடல், ஒளி, ஆரவாரம் அனைத்தும் கண்டு மகிழ்ந்தவர், “இலண்டன் நாடகத்தை அறிந்தேன்” என்பார். அவர் அறிந்தது கடைவீதியை. அந்நகரின் நாடக உலகை அறிய வேண்டுமாயின், அவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இங்கே பேச இடம் பெற்றவர் யார், கேட்க இடம் பெற்றவர் யார்?

ஷேக்ஸ்பியர் குழுவின் குளோப் அரங்கு ஏன் ஆற்றின் தென்கரையில் எழுந்தது? நகராட்சித் தலைவர்கள் நாடகத்தை வெறுத்தனர். அவர்களது ஆணை செல்லாத எல்லைக்கு அப்பால் அரங்குகள் ஒதுங்கின. நோய்க்காலத்தில் கூட்டத்தைத் தடுப்பது அறிவுடைமை. நாடகம் என்னும் பாவமே நோயை அழைத்து வருகிறது என்று பாதிரிமார் முழங்கியது அறிவுடைமையா? 1642இல் பாராளுமன்றம் அரங்குகளை மூடிற்று. பதினெட்டு ஆண்டுகள் வெளிப்படையான மேடை இல்லை. 1660இல் திறந்தபோதுதான் பெண் வேடத்தைப் பெண்ணே ஏற்றாள். அதுவரை மீசை அரும்பாத சிறுவர்களே அரசிகள்.

கருநிறத்தார்க்கு வழி இன்னும் குறுகல். 1833இல் ஐரா ஆல்டிரிட்ஜ் என்னும் கறுப்பு நடிகர் கோவெண்ட் கார்டன் அரங்கில் ஒதெல்லோவாகத் தோன்றினார். ஒதெல்லோவே கருநிறத்தான்! ஆயினும் ஏடுகள் சில இழிமொழியால் அவரைத் தாக்கின. இரண்டே இரவுகளில் அவரது நடிப்பு அங்கே முடிந்தது. பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டத்தை அந்நாடு இயற்றியதும் அதே 1833இல்தான். சட்டம் விலங்கை உடைத்துவிட்டது. மனமோ மேடையில் இடம்விட மறுத்தது!

சொல்லுக்கும் காவல் இருந்தது. அமைச்சர் வால்போலை நாடகங்கள் எள்ளி நகையாடியதன் விளைவாக வந்தது 1737ஆம் ஆண்டுச் சட்டம். லார்டு சேம்பர்லேன் என்னும் அரண்மனை அதிகாரி ஒப்பினால்தான் புதிய நாடகம் மேடையேறலாம். பெர்னாட்ஷா 1893இல் எழுதிய ‘வாரன் அம்மையாரின் தொழில்’ பொதுமேடை ஏற 1925 வரை காத்திருந்தது. விலைமகளிரை உண்டாக்கும் வறுமையை அந்நாடகம் சுட்டிற்று. வறுமை இருக்கலாமாம், அதைப் பற்றிய வசனம் இருக்கக் கூடாதாம்! 231 ஆண்டுகள் நின்ற அந்தக் காவல் 1968இல் வீழ்ந்தது.

அதே ஆட்சியினர் 1876இல் இந்தியாவுக்கும் ஒரு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் செய்தனர். ஆண்டவர் சென்றனர், ஆண்ட முறை செல்லவில்லை. 1954இல் சென்னை மாநிலத்தில் புதிதாகவே ஒரு நாடகச் சட்டம் பிறந்தது. நடிகவேள் எம்.ஆர்.இராதா தடைகளோடு மல்லாடிய காலம் அது. அச்சட்டத்தின் முதன்மையான பிரிவுகள் செல்லா என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2013இல். ஆகவே இலண்டனைப் பார்த்து நாம் எள்ளுவதற்கில்லை.

காவல் ஒழிந்தது, கட்டணம் ஒழிந்ததா? வெஸ்ட் எண்டின் நல்ல இருக்கை இன்று 100 பவுனையும் தாண்டுகிறது. பழைய அரங்குகள் பலவற்றில், உச்சி மாடத்திற்குச் செல்வோர் பகட்டான முன்கூடத்தை மிதிக்காதிருக்கப் பக்கத்துச் சந்தில் தனிவாயில் அமைத்திருந்தனர். அந்த உச்சி மாடத்திற்கு அவ்வூர்ப் பெயர் ‘கடவுளர்’! கடவுளுக்கு அருகில் செல்லச் செல்லக் கட்டணம் குறைவது உலகில் அங்கே மட்டுந்தான் போலும்.

பள்ளியில் பாடம் சொல்லும் நமக்கு, கூர்மையான மாணவன் எழுப்பக்கூடிய வினா தெரியும்: “நல்ல பண்டம் விலை கூடத்தானே செய்யும்? அதில் அநீதி எங்கே?” வைர மாலையைப் பற்றியானால் அவன் சொல்வது சரி. மாலை இல்லாதவன் இழந்தது ஒன்றுமில்லை. நாடகம் அப்படியன்று. வெளிநாட்டுப் பயணம் மிகுதியாக மேற்கொள்ளாத ஆங்கிலேயர், அயல்நாட்டுச் செய்திகளை நாடகத்திலேயே அறிகின்றனர் என்று பிளாட்டர் குறித்தார். ஒரு பென்னி கொடுத்து நின்ற தொழிலாளி, தலைவன் தன்னை முடிமன்னனாக்கிக்கொள்ள முயன்றால் என்ன நேரும் என்பதை உரோமாபுரியின் வாயிலாகக் கேட்டான். அவனை வெளியே நிறுத்திவிட்டு அதே வசனத்தைச் செல்வரிடம் மட்டும் பேசினால், எழுத்து ஒன்றுதான், செயல் வேறு. தணிக்கை நாவை அடக்குகிறது. விலை செவியைப் பறிக்கிறது. இரண்டும் ஒரே கொடுமை என்று சொல்லமாட்டோம். நா இருந்தால் வேறு செவி தேடலாம். 1936இல் இலண்டன் தொழிலாளர் அமைத்த யூனிட்டி அரங்கு அப்படித் தேடிற்று. உலகப்புகழ் பெற்ற பால் ராப்சன் 1938இல் அந்தச் சிறு மேடையில் ஊதியமின்றி நடித்தார்.

மக்கள் வரிப்பணத்தால் அரங்கை வளர்ப்பது மற்றொரு வழி. அரசு பணம் தந்தால் அரசின் புகழ்தானே பாடவேண்டும் என்பர். 1976இல் தேம்ஸ் கரையில் தன் கட்டிடத்தைப் பெற்ற தேசிய அரங்கு அரசு நல்கை பெறுவது. 2004இல் அதன் மேடையிலேயே டேவிட் ஹேர், ஈராக் போருக்கு இட்டுச்சென்ற பேச்சுகளை, அன்று பதவியிலிருந்த தலைமை அமைச்சர் பிளேரையும் ஒரு பாத்திரமாக்கி, நாடகமாக்கினார். பணம் அமைச்சருடையதன்று, மக்களுடையது என்று அறிந்த நாட்டில் அது இயன்றது.

புதிதாகச் செல்பவர் ஒரு மாலையையேனும் தென்கரைக்கு ஒதுக்குவாராக. பழைய குளோப் அரங்கைப் போன்றே மீண்டும் கட்டி 1997இல் திறந்தனர். மேடையைச் சுற்றி ஏறத்தாழ 700 பேர் நிற்கலாம்; பல ஆண்டுகள் கட்டணம் 5 பவுனே. முற்றத்தின்மேல் கூரையில்லை, மழை வந்தால் நனையலாம், குடை விரிக்கலாகாது. கால் கடுக்கும். மாடத்திலோ பணம் தந்தவர் மழைக்கு அஞ்சாமல் அமர்ந்திருப்பர். ஆனால் மேடை விளிம்பில் கைவைத்து, நடிகனின் வியர்வையைக் காணும் தொலைவில் நிற்பவர் முற்றத்தாரே.