மணற்சோறும் மாவிளக்கும்

புரட்டாசிச் சனிக்கிழமை காலையில் ஸ்ரீவைஷ்ணவ இல்லம் ஒன்றின் தளிகை அறையை எட்டிப் பார்த்தால், அங்கே இருவர் காரியமாக இருப்பது தெரியும். பாட்டியார் மடியுடுத்தி, இடித்துச் சலித்த அரிசிமாவில் வெல்லத்தைச் சேர்த்துப் பிசைகிறார். வாயிற்படியருகே இரண்டரை வயதுக் குழந்தை மரச்சொப்பில் காற்றைக் கிளறி, வராத கொதியை ஊதி ஆற்றி, "சாத்தமுது, சுடும்!" என்று நீட்டுகிறது. சற்றுப் பொறுத்து மாவிலும் கை வைக்க வருகிறது. உதவி செய்ய வேண்டுமாம்! அந்த உதவியால் மாவு தரையில் சிந்தும். வெல்லம் வாய்க்குள் போகும். அரை நாழிகை வேலை ஒரு நாழிகையாகும். பெருமாள் அமுது செய்யுமுன் எச்சில் பட்டுவிடுமோ என்ற அச்சம் வேறு. அவ்வச்சத்தை எளிதாக எண்ணிவிடலாகாது. ஆகவே, "வெளியே போ" என்பதே பெரும்பாலும் நடக்கிறது.

இங்கே இரண்டு வினாக்கள் எழுகின்றன. வெறுஞ்சொப்பை வாங்கி, வெகு ருசி என்று பருகுவதாகக் காட்டும் பெரியவர் பொய் சொல்கிறாரா? வேலையைக் கூட்டும் உதவியை உதவி என்று ஏற்கலாமா?

முதல் வினாவுக்குக் குழந்தையே விடை. பசி வந்தால் அது சொப்பை நாடுவதில்லை. பாலைக் கேட்டு அழுகிறது. சொப்பு வெறுமை என்பதை அது நன்கறியும். இல்லாததை உண்டென்று மயங்குவது வேறு. அறிந்தே ஒருவருக்கு உவந்து அளிப்பது வேறு. இருவரும் அறிந்த ஒன்றில் வஞ்சனைக்கு இடமேது? திருவரங்கத்து வீதியில் சிறுவர் மணலிலே கோயில் கீறி விளையாடி, மணலையே பிரசாதமென்று நீட்ட, மாதுகரத்துக்கு எழுந்தருளிய எம்பெருமானார் அதனை ஆதரத்துடன் ஏற்றருளினார் என்று பெரியோர் ஐதிஹ்யம் சொல்லி வருவர். மணல் மணலே என்பதை அவ்வாசாரியர் அறியாதவரல்லர்.

இரண்டாவது வினாவே கடினமானது. அது குழந்தையோடு நிற்பதில்லை. அவாப்த ஸமஸ்த காமனான எம்பெருமானுக்குக் கைங்கர்யம் செய்வோர் யாவரும் அந்த நிலையில்தான் இருக்கின்றனர். கதிரவனுக்கு ஒளி தந்தவனுக்கு ஒரு மாவிளக்கு எதற்கு? பிள்ளை லோகாசாரியர் தத்வத்ரயத்தில், அர்ச்சாவதாரத்திலே ஈசுவரன் உடையவன், உடைமை என்னும் முறையையே மாற்றிக்கொண்டு, அறியாதவன்போலவும் ஆற்றலில்லாதவன்போலவும் பிறருக்கு வசப்பட்டவன்போலவும் இருக்கிறான் என்று காட்டுகிறார். நீராட்டினால் நீராடுகிறான், படைத்த வேளையில் அமுது செய்கிறான். சொப்பை வாங்கிக்கொள்ளும் பாட்டியாரின் இடத்தில் நிற்பவன் அவன்.

குழந்தையின் இடத்திலும் அவன் நின்றதுண்டு. ஸ்ரீமத் பாகவதம் 10-ஆம் ஸ்கந்தம் 11-ஆம் அத்தியாயத்தில், ஆய்ச்சியர் ஏவக் கண்ணன் பலகையையும் அளவுபடியையும் பாதுகையையும் தூக்கி வருகிறான். அடியவருக்குத் தான் வசப்பட்டிருப்பதை உலகுக்குக் காட்டினான் என்கிறது அந்நூல். (9-ஆம் அத்தியாயத்தில் யசோதை கடையும் மத்தைப் பிடித்து நிறுத்தியவனும் இதே பிள்ளைதான், எந்நாளும் உதவினான் என்று கொள்ள வேண்டா.)

அடுப்பும் அரிவாள்மணையும் குழந்தை கைக்கு எட்டலாகாது, அதில் ஐயமில்லை. ஆயினும், நாள்தோறும் துரத்தப்பட்ட குழந்தை சில ஆண்டுகளில் துரத்த வேண்டாதபடி தானே விலகி நிற்கும். 12 வயதில் கோயிலுக்கு ஒரு குடம் தீர்த்தம் கொண்டுவர அழைத்தால் வராத பிள்ளையைக் குறைகூறும் பெரியோர், இரண்டு வயதில் அழைக்காமலே வந்தபோது அவனை என்ன சொல்லி அனுப்பினோம் என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

அந்த இல்லத்துப் பாட்டியார் வேறொரு வழி கண்டார். பெருமாளுக்குரிய மாவைப் பிசைந்து உள்ளே வைத்துவிட்டு, எஞ்சியதில் நெல்லிக்காயளவு எடுத்துக் குழந்தையிடம் தந்தார். குழந்தை அதைத் தட்டிக் குழித்து, நெய்யாகக் காற்றை வார்த்து, திரியாகத் துளசிக் காம்பு ஒன்றை நட்டு, படியின்மேல் வைத்தது. உள்ளே மணி ஒலித்து அடங்கிற்று.

"பெருமாள் மம்மு சாப்பிட்டாச்சா?"

"ஆச்சுடா, கண்ணா. உன்னுடையதையும்தான்."

அடுத்த கணம் அந்த விளக்கு குழந்தையின் வாய்க்குள் போயிற்று.