விலை சொல்லாத அழைப்பு

நியூ ஜெர்சியில் சனிக்கிழமைதோறும் சைவ சித்தாந்த வகுப்பு நடத்துகிறார் அந்த ஆசிரியர். ஓய்வுபெறும்வரை உயர்நிலைப் பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். மாணவி பன்னிரண்டாம் வகுப்பு. 2025 டிசம்பர் நடுவில், மற்ற பிள்ளைகள் கிளம்பிய பிறகு இருவரும் பேசியது இது.

மாணவி: ஐயா, முன்கூட்டியே இயர்லி ஆக்‌ஷனில் விண்ணப்பித்த கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது.

ஆசிரியர்: நல்ல சேதி அம்மா. பிறகு ஏன் முகம் வாடியிருக்கிறது?

மாணவி: ஜனவரி 1க்குள் இன்னும் சில கல்லூரிகளுக்குப் போடலாம் என்றிருக்கிறேன். யார் எவ்வளவு நிதியுதவி தருகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. “கூப்பிட்டு இடம் கொடுத்திருக்கிறார்கள், நீ ஊரெல்லாம் விலை கேட்கிறாயா?” என்கிறார். எனக்கும் உறுத்துகிறது. இது நன்றி மறந்த செயலா?

ஆசிரியர்: அவர்கள் உனக்கு என்ன கொடுத்தார்கள்?

மாணவி: இடம்.

ஆசிரியர்: என்ன விலைக்கு?

மாணவி: இன்னும் சொல்லவில்லை. நிதியுதவிக் கடிதம் பிறகு வருமாம்.

ஆசிரியர்: நீ என்ன கொடுத்தாய்? ஏதாவது கையெழுத்து?

மாணவி: இல்லை. மே 1 வரை பதில் சொல்ல அவகாசம் உண்டு.

ஆசிரியர்: அப்படியானால் நன்றி சொல்ல நீ கடமைப்பட்டிருக்கிறாய். போய்ச் சேரக் கடமைப்படவில்லை. அப்பா இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டார். அவர்களே கேட்காத வாக்கை நீயாக ஏன் கொடுக்க வேண்டும்?

மாணவி: என் தோழி இயர்லி டிசிஷனில் போட்டிருக்கிறாள். இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வாள் என்று அவளும் அவள் அம்மாவும் பள்ளிக் கவுன்சிலரும் கையெழுத்திட்டார்கள். இடம் கிடைத்ததும் மற்ற விண்ணப்பங்களை எல்லாம் திரும்பப் பெற்றுவிட்டாள். அவள் இப்போது ஒப்பிட்டால்?

ஆசிரியர்: அது வாக்கு மீறல். இந்த ஆண்டு டுலேன் பல்கலைக்கழகம் என்ன செய்தது தெரியுமா? ஒரு மாணவர் அந்த வாக்கை முறித்ததற்காக, கொலராடோவில் அவர் படித்த பள்ளி முழுவதற்கும் ஓராண்டு இயர்லி டிசிஷன் வாசலை அடைத்தது. அது நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். கீழ் வகுப்புப் பிள்ளைகள் என்ன பிழை செய்தார்கள்? ஆனாலும் கையெழுத்திட்டவர் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்தான்.

மாணவி: அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறதே ஐயா! வந்த நிதியுதவியில் சேர முடியாது என்றால் விடுவிப்பு கேட்கலாம்.

ஆசிரியர்: இருக்கிறது, அதைப் பயன்படுத்துவது மீறலும் ஆகாது. ஆனால் ‘முடியாது’ என்பதை எதை வைத்துச் சொல்வாள்? அவள் கையில் இருப்பது ஒரே ஒரு கடிதம். எங்கள் கணக்குப்படி உங்களால் முடியும் என்று கல்லூரி சொல்லும். அந்தக் கணக்கைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?

மாணவி: வருமான வரிக் கணக்கு, சேமிப்பு எல்லாம் கொடுக்கிறோம். அதிலிருந்து எங்கள் தேவை இவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். தேவை என்பது ஓர் உண்மை இல்லையா? எந்தக் கல்லூரி கணக்கிட்டாலும் ஒன்றாகத்தானே வர வேண்டும்?

ஆசிரியர்: வராது. உங்கள் வீட்டையே எடுத்துக்கொள். அரசின் நிதியுதவிப் படிவமான ஃபாஃப்சா குடியிருக்கும் வீட்டின் மதிப்பைக் கேட்பதே இல்லை. தனியார் கல்லூரிகள் பல கேட்கும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் கேட்கிறது. அதை ஒரு கல்லூரி முழுதாகச் சேர்க்கும், ஒன்று வருமானத்தை ஒட்டி வரம்பு கட்டும், இன்னொன்று கண்டுகொள்ளாது. நியூ ஜெர்சியில் வீட்டு விலை ஏறியதால் உன் அப்பா சம்பளத்தில் ஒரு டாலர் கூடியிருக்கிறதா? ஆனால் ஒரு கல்லூரியின் கண்ணில் அவர் செல்வந்தர், அடுத்த கல்லூரியின் கண்ணில் இல்லை. தேவை உங்கள் வீட்டுக்குள் இருக்கும் பொருள் இல்லை அம்மா, பார்ப்பவர் எடுக்கும் முடிவு அது.

மாணவி: அப்படியானால் எங்களால் முடியுமா என்பதை எந்த அளவையால் அறிவது? போன மாதம்தான் சித்தாந்தம் சொல்லும் காண்டல், கருதல், உரை என்ற மூன்று அளவைகளையும் நடத்தினீர்கள்.

ஆசிரியர்: நல்ல கேள்வி. ‘தேவை முழுவதையும் ஈடுசெய்வோம்’ என்று கல்லூரி எழுதுகிறதே, அது உரை. சொன்னவர் நம்பத்தக்கவராக இருக்கலாம், ஆனால் எது தேவை என்பதையும் அவரே வரையறுக்கிறார். கல்லூரிகளின் தளங்களில் ‘நெட் பிரைஸ் கால்குலேட்டர்’ இருக்கிறது, 2011 முதல் சட்டப்படி இருந்தாக வேண்டும். அது கருதல். பலருக்கு ஓரளவு சரியாக வரும். உன் அப்பாவைப் போல் சொந்தமாகச் சிறு கடை வைத்திருப்பவர்களுக்குத் தடுமாறும். காண்டல் என்றால் உன் பெயர் போட்டு வருகிற கடிதம் ஒன்றுதான்.

மாணவி: காண்டலிலும் ஐயமும், ஒன்றை வேறொன்றாகக் காணும் திரிவும் உண்டு என்றீர்களே?

ஆசிரியர்: இங்கே நிறையவே உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் கடிதத்தோடு ஓடிவந்தான். மொத்தச் செலவு 78,000 டாலர், அதன் கீழே வரிசையாக மானியம் 36,000, மாணவர் கடன் 5,500, வளாக வேலை 2,500, ‘பேரன்ட் பிளஸ்’ 34,000, கடைசி வரியில் பாக்கி 0. ‘ஐயா, இலவசம்!’ என்றான். பேரன்ட் பிளஸ் என்பது அவன் அம்மா வாங்க வேண்டிய கடன். வளாக வேலைப் பணம் அவன் உழைத்தால்தான் வரும். அந்த வீட்டுக்கு உண்மையில் வந்தது 36,000 மட்டும். 2022இல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்ததில், சுமார் 91 சதவீதக் கல்லூரிகளின் கடிதங்கள் நிகர விலையைச் சொல்லவே இல்லை, அல்லது குறைத்துச் சொன்னன. 2026 ஜூலையிலிருந்து அந்தப் பெற்றோர் கடனுக்கு ஆண்டுக்கு 20,000 என்று சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. கடிதம் இனி எப்படி வந்தாலும் நீ மானியத்தை மட்டும் கழித்துப் பார். இரண்டு கடிதங்களை அருகருகே வைத்தால் திரிவு தானே வெளிப்படும். ஒன்றே ஒன்று கையில் இருந்தால் அதுதான் உலகம் என்று தோன்றும்.

மாணவி: ஐயா, ஒரு தடை எழுப்புகிறேன். எல்லாரும் ஒப்பிட்டுப் பேரம் பேசினால், பேசத் தெரிந்தவர்களுக்கே பணம் போகும். பேசத் தெரியாத ஏழைக்குக் குறையும். அப்போது நான் செய்வது தவறில்லையா?

ஆசிரியர்: இந்த வாதம் நீதிமன்றமே ஏறியிருக்கிறது. 1950களிலிருந்து ஐவி லீக் கல்லூரிகளும் எம்.ஐ.டி.யும் ஆண்டுதோறும் கூடி, தங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தேர்வான மாணவர்களின் பட்டியலை வைத்து, எங்கே போனாலும் குடும்பம் கட்ட வேண்டிய தொகை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி பேசி வைத்துக்கொண்டன. 1991இல் நீதித்துறை வழக்குப் போட்டது. ஐவி கல்லூரிகள் சமரசத்துக்குப் போய்விட்டன. எம்.ஐ.டி. மட்டும் நின்று, நீ சொன்னதையே சொன்னது: போட்டி வந்தால் பணம் தேவையற்றவர்களுக்குப் போகும் என்று. 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை எடைபோடாமல் தள்ளக் கூடாது என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. அந்த ஆண்டே அதுவும் சமரசத்தில் முடிந்தது. உன் தடையை நான் லேசாக எண்ணவில்லை.

மாணவி: அப்படியும் ஒப்பிடச் சொல்கிறீர்களா?

ஆசிரியர்: சொல்கிறேன். ஒப்பிடாதே என்று யாரிடம் சொல்கிறோம் பார். முழுத் தொகையும் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைக்கு ஒப்பிடும் அவசியமே இல்லை. அவன் கவலையின்றி இயர்லி டிசிஷனில் கையெழுத்துப் போடுகிறான், அதன் பலனும் அவனுக்குக் கிடைக்கிறது. முன்கூட்டி விண்ணப்பிப்பது எஸ்ஏடியில் 100 புள்ளி கூடுதலாக எடுத்ததற்குச் சமம் என்று ஏவரி, ஃபேர்பேங்க்ஸ், செக்ஹவுசர் மூவரும் 2003இல் வந்த நூலில் காட்டினார்கள். 2006இல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும், முன்சேர்க்கை வசதியுள்ளோருக்கே சாதகம் என்று சொல்லி அதைக் கைவிட்டன. பெரும்பாலான கல்லூரிகள் பின்தொடரவில்லை, 2011இல் இரண்டும் திரும்பிவிட்டன. இந்த ஏற்பாட்டில் பொது நன்மையின் பெயரால் மௌனமாக இரு என்று கேட்கப்படுவது கடனுக்கு அஞ்சும் வீட்டிடம் மட்டுமே. அதை என்னால் ஏற்க முடியாது.

மாணவி: எனக்குக் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வோர் இடமும் இன்னொருவருடையது அல்லவா?

ஆசிரியர்: பலர் வேறிடம் போவார்கள் என்று கணக்கிட்டு, இருக்கும் இடங்களைவிட அதிகமானவர்களைத்தான் தேர்கிறார்கள். போகமாட்டாய் என்று உனக்குத் தெரிந்த அன்றே எழுதிவிடு, மே 1 வரை வைத்திருக்காதே. இன்னொன்று: எவ்வளவு பணம் தந்தாலும் போகமாட்டேன் என்கிற கல்லூரிக்கு விண்ணப்பிக்காதே.

மாணவி: ஆனால் அவர்களுடைய கடிதத்தைக் காட்டி எனக்குப் பிடித்த கல்லூரியில் கூடுதலாகக் கேட்கலாமே.

ஆசிரியர்: போக எண்ணும் இடத்தின் கடிதம் என்றால் தாராளமாகக் காட்டு. போகவே எண்ணாத இடத்தில் யாரோ ஒருவர் உன் கட்டுரையை உட்கார்ந்து படிப்பார். அவரைப் பொய்யாக உழைக்க வைக்கிறாய்.

மாணவி: சேர்க்கவே உத்தேசமில்லாத எத்தனை பேருக்கு அவர்கள் ‘விண்ணப்பியுங்கள்’ என்று மின்னஞ்சல் அனுப்புகிறார்கள்! இதில் எனக்கு உடன்பாடில்லை ஐயா.

ஆசிரியர்: இருக்கட்டும். யோசித்து அடுத்த வாரம் மறுத்துச் சொல். அதற்கு முன் ஒன்று சொல்: கடன் வாங்காமல் ஆண்டுக்கு எவ்வளவு கட்ட முடியும் உங்கள் வீட்டால்?

மாணவி: தெரியாது. அப்பா சொன்னதில்லை.

ஆசிரியர்: அது தெரியாமல் எத்தனை கடிதம் வந்தாலும் எதோடு ஒப்பிடுவாய்? கடிதங்கள் வந்த பிறகு கேட்டால், உன் ஆசையைப் பார்த்து அவர் தொகையை ஏற்றிச் சொல்லிவிடுவார்.

மாணவி: கேட்டால் வருத்தப்படுவார். தன்னால் முடியாது என்று மகளிடம் சொல்ல வேண்டியிருக்குமே.

ஆசிரியர்: சிஎஸ்எஸ் படிவத்துக்குக் கடைக் கணக்கை அவர்தானே எடுத்துத் தர வேண்டும்? அந்தக் கணக்கோடு அவரை நாளை மாலை இங்கே அழைத்து வா. மூன்று பேருமாக உட்கார்ந்து பார்ப்போம்.