தீவனத் தொட்டியும் பாலாறும்

பால் மறக்கடித்த பன்றிக்குட்டியின் வயிற்றில் போதிய அமிலம் ஊறுவதில்லை. தானியத் தீவனத்துக்கு மாறும் அந்த நான்காவது வாரத்தில் ஈ.கோலை பாக்டீரியா குடலில் பெருகும். குட்டி நீராகக் கழிந்து, கண் குழிந்து, இரண்டொரு நாளில் செத்துப்போகும். இதைத் தடுக்கத்தான் பண்ணைகள் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்தன. தொட்டியில் வாய் வைக்கும் குட்டிகள் அத்தனைக்கும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மருந்து போய்ச் சேர்ந்தது. அதனால் குட்டிகள் பிழைத்தன. நெருக்கியடித்த கொட்டகையும் மாறாமல் பிழைத்தது. நோயில்லாத உயிருக்குத் தரும் மருந்து யாருடைய நன்மைக்கு என்ற கேள்வி இங்கே பிறக்கிறது.

அப்படிக் கலக்கப்பட்டவற்றில் ஒன்று கொலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று மனித மருத்துவம் ஒதுக்கிவைத்து, மற்ற மருந்துகள் தோற்ற பிறகு கடைசிக் கையிருப்பாகத் திரும்ப எடுத்த மருந்து அது. அதை முறியடித்து, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் எம்சிஆர்-1 மரபணு சீனப் பன்றிகளிலும் நோயாளிகளிலும் இருப்பது 2015 நவம்பரில் வெளிவந்தது.

பன்றியே வேண்டாம் என்று விலகி வாழ்பவர்களும் உண்டு. பாலாற்றங்கரை ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலில் முஸ்லிம்கள் பெரும்பங்கு வகிக்கிறார்கள். இஸ்லாம் பன்றி இறைச்சியை விலக்கியிருக்கிறது. பதனிட்டால் தோல் தூய்மையாகும் என்று கொள்ளும் ஹனஃபி சட்டமரபும் பன்றித்தோலுக்கு அந்த இடத்தைத் தரவில்லை. வள்ளலார் வழியினர் புலாலையே மறுத்தவர்கள். உண்பவரின் பொறுப்பை இந்த நெறிகள் தெளிவாக வகுத்திருக்கின்றன. எதிர்ப்பு மரபணுவோ எரு, கழிவுநீர், பண்ணையாளின் கை என்று பல வழியில் பரவக்கூடியது. விலக்கி வாழ்பவரின் வீட்டுக்கும் அது வரலாம். எனவே கலப்பவரின் பொறுப்பைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இதற்கு ஒரு விடை இந்த மண்ணிலிருந்தே கிடைத்திருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேடு உறுதியாக நிரூபணமாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை; தன் செயல் தீங்கற்றது என்று காட்டும் கடமை செய்பவருடையது என்றது நீதிமன்றம்.

கொலிஸ்டினுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை ஆய்வாளர்கள் நோயாளிகளிடம் கொலிஸ்டினுக்கு அடங்காத கிளெப்சியெல்லா பாக்டீரியாவைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். இந்தியாவில் அந்த எதிர்ப்பு பெரும்பாலும் பாக்டீரியாவின் சொந்த மரபணு மாற்றத்தால் வருவது. பண்ணையே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அந்த ஐயத்தின் பலன் தொட்டிக்குப் போகக் கூடாது, படுக்கையில் கிடப்பவருக்கே போக வேண்டும். இந்திய அரசு 2019 ஜூலையில் உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்கும் தீவனத்துக்கும் கொலிஸ்டினைத் தடை செய்தது.

குட்டியைக் காக்க வேறு வழிகள் உண்டு: வயிற்றில் குறையும் அமிலத்தை ஈடுசெய்யும் ஃபார்மிக், ஃப்யூமரிக் அமிலங்கள், நன்மை செய்யும் பாக்டீரியா, தாமதித்துப் பால் மறக்கடித்தல், கொட்டகையில் கூடுதல் இடம். துத்தநாக ஆக்சைடும் கழிச்சலைத் தடுக்கும். ஆனால் மண்ணில் சேர்ந்துவிடும் என்பதால் மருந்தளவில் அதைக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் நிறுத்தியது. எந்தப் பொடியானாலும், தீங்கில்லை என்று காட்ட வேண்டியவர் அதைத் தொட்டியில் கொட்டுபவரே.