இரண்டாம் விருப்பு யாருடைய விருப்பம்?

இலங்கையின் 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் 38 பேர் போட்டியிட்டார்கள். திருகோணமலை உப்புவெளித் தமிழர் ஒருவர் அன்று சங்குச் சின்னத்துக்கு நேரே 1 என்று எழுதியிருக்கலாம். அது தமிழ்ப் பொதுவேட்பாளர் பா. அரியநேத்திரனுக்கான வாக்கு, அவர் வெல்லமாட்டார் என்று தெரிந்தே போடும் வாக்கு. அதே சீட்டில், வெல்லக்கூடிய இன்னொருவருக்கு 2 என்றும் எழுத இடமிருந்தது. எழுதினால், முன்னே சொன்னதை அவரே மறுத்ததாகுமா?

கொள்கைப்பிடிப்புள்ளவருக்கு அந்த 2 சமரசமாகத்தான் படும். ஆனால் இரண்டு இலக்கங்களும் இரு வேறு கேள்விகளுக்கான பதில்கள். முதலாவது, எனக்கு வேண்டியது எது. இரண்டாவது, அது கிடைக்காதபோது யாருடைய ஆட்சியை ஏற்றுக்கொள்வேன். இரண்டாவதுக்குப் பதில் சொல்லாவிட்டால் கேள்வி மறைந்துவிடாது. மற்றவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள்.

அந்தத் தேர்தலில் நடந்ததும் அதுதான். 1982 முதல் 2019 வரை எட்டு ஜனாதிபதித் தேர்தல்களிலும் வென்றவர் முதல் எண்ணிக்கையிலேயே பாதியைத் தாண்டியதால், இரண்டாம், மூன்றாம் விருப்புகள் எண்ணப்படவே இல்லை. ஒன்பதாவதில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76 வீதம். யாரும் பாதியைத் தாண்டாததால், மற்றவர்களுக்கு விழுந்த சுமார் 33 இலட்சம் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். இவர்கள் இருவரில் ஒருவருக்கு விருப்பு குறித்திருந்தவை 2,73,131 மட்டுமே. பன்னிரண்டில் ஒன்று கூட இல்லை.

அநுர 57,40,179 வாக்குகளுடன் வென்றார். செல்லுபடியான மொத்த வாக்குகளில் அது சுமார் 43 வீதம். பாதிக்கு மேற்பட்டோரின் சம்மதத்தைக் கண்டுபிடிக்கவென்றே வைத்த முறை, அதைக் கண்டுபிடிக்காமலே முடிந்தது. சட்டத்தில் குறையில்லை; 2, 3 எழுதும் பழக்கம் இங்கே வேரூன்றவில்லை. ஆஸ்திரேலியக் கீழவைத் தேர்தலிலோ எல்லாக் கட்டத்திலும் இலக்கமிட வேண்டும் என்பதே விதி.

வரிசைப்படுத்தினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பதும் இல்லை. ஒரு கூட்டமே அ-வை ஆ-விலும், ஆ-வை இ-யிலும், இ-யை அ-விலும் மேலாக விரும்பக்கூடும் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் கொந்தோர்சே 1785இலேயே காட்டினார். 'மக்கள் தீர்ப்பு' எண்ணுவதற்கு முன்பே எங்கோ ஆயத்தமாகக் கிடக்கிறது என்ற நம்பிக்கைக்கு அது பெரிய அடி. எண்ணும் முறையும் தீர்ப்பை ஆக்குகிறது.

திருகோணமலைக்கு இது வெறும் தத்துவமல்ல. 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் மாவட்டத்துக்கு நான்கு ஆசனங்கள். முதலிடக் கட்சிக்கு ஓர் ஆசனம் மேலதிகமாகப் போய்விடும், அதாவது காற்பங்கு. தேசிய மக்கள் சக்தி 87,031 வாக்குகளுக்கு இரண்டைப் பெற்றது. தமிழரசுக் கட்சி 34,168க்கு ஒன்று, ஐக்கிய மக்கள் சக்தி 53,058க்கும் ஒன்றுதான். இங்கே விருப்பு வாக்கு ஒரே பட்டியலுக்குள் மட்டும் செல்லும். ஆகவே போட்டி பெரும்பாலும் சொந்தக் கட்சிக்காரரோடுதான். சுவரொட்டியில் தன் இலக்கத்தைப் பெரிதாகப் போட்டு, பட்டியல் தோழரை முந்தப் பார்க்கும் போட்டி.

அயர்லாந்தில் ஒரு வாக்காளரின் விருப்புகள் கட்சி எல்லையைக் கடந்தும் போகும். அந்த முறை இங்கே வந்தால், நான்கு ஆசனத் தொகுதியில் ஐந்திலொரு பங்குக்குச் சற்று மேல் வாக்குப் பெற்றவர் தேர்வாகிவிடுவார். முதல் விருப்பில் அந்த அளவை எட்டாத தமிழ் வேட்பாளர் மூதூர் முஸ்லிம்களிடமும் சேருவில சிங்களவர்களிடமும் இரண்டாம் விருப்பைக் கேட்டுப் போக வேண்டியிருக்கும். அவர்களுடைய வேட்பாளர்களும் உப்புவெளிக்கு வர வேண்டியிருக்கும், தங்கள் ஊர்களில் பேசிய பேச்சை இங்கே அப்படியே பேச முடியாது என்ற எச்சரிக்கையோடு.