துயரம் காணி உறுதியாகுமா?

ஓரிடத்திலிருந்து துரத்தப்பட்டவருக்கு வேறோரிடத்தில் கால் ஊன்ற நிலம் வேண்டும். இதை எவரும் மறுக்க முடியாது. நாமே அவ்வாறு வந்து சேர்ந்தவர்கள்தாம். ஆனால் இதை ஒப்புக்கொண்ட கையோடு இன்னொரு கேள்வி எம் முன்னால் வந்து நிற்கிறது. அந்த நிலம் எவருடையது? அதை எமக்காக எவர், எவ்விதம் பெற்றார்? 'நாம் பட்டது போதாதா' என்ற ஒற்றை வார்த்தையால் இந்தக் கேள்வியை மூடிவிடுவது எம் எல்லோருக்கும் எளிது. அப்படி மூடிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு மேற்கு ஆபிரிக்கக் கரையில் ஒரு சரித்திரம் இருக்கிறது. லைபீரியாவின் சரித்திரம் அது.

1816 டிசம்பரில் வாஷிங்டனில் அமெரிக்கக் குடியேற்றச் சங்கம் உருவாயிற்று. விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஆபிரிக்காவுக்கு அனுப்பிவைப்பதே அதன் நோக்கம். அடிமைமுறையை வெறுத்தவர்களும் அதில் இருந்தார்கள். அடிமைகளை வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். விடுதலை பெற்ற கறுப்பர்கள் கண்ணெதிரே நடமாடுவது தமது அடிமைகளுக்குத் தவறான எண்ணங்களைக் கொடுத்துவிடும் என்று பின்னவர்கள் அஞ்சினார்கள். 1817இல் பிலடெல்பியா நகரின் கறுப்பின மக்கள் பெருந்திரளாகத் தேவாலயமொன்றில் கூடி, தாம் பிறந்த மண்ணைவிட்டுப் போகமாட்டோம் என்று தீர்மானித்தார்கள். ஆயினும் போக முன்வந்தவர்களும் இருந்தார்கள். சட்டத்தின் முன் மனிதராக மதிக்கப்படாத ஒரு நாட்டில், போவதா இருப்பதா என்பது எத்தகைய தெரிவு என்று எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

1820இல் எலிசபெத் என்ற கப்பல் எண்பதுக்கு மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு நியூயோர்க்கிலிருந்து புறப்பட்டது. அமெரிக்கக் கடற்படையின் சயான் என்ற போர்க்கப்பல் அதற்குத் துணை. ஷேர்ப்ரோ தீவில் இறங்கியவர்களைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போயிற்று. எஞ்சியவர்கள் பிரித்தானியரின் சியராலியோனில் ஒதுங்கி, தமக்கு எங்காவது ஒரு நிலம் கிடைக்குமெனக் காத்திருந்தார்கள்.

அந்த நிலத்தைப் பெறப் போனவர்கள் அவர்கள் அல்லர். 1821 டிசம்பரில் அலிகேற்றர் என்ற போர்க்கப்பலின் தளபதி ரொபேர்ட் ஸ்ரொக்ரனும், சங்கத்தின் முகவர் மருத்துவர் ஈலை அயர்ஸும் மெசுராடோ முனையில் இறங்கினார்கள். டெய் மக்களின் தலைவரும், வெள்ளையர் 'பீற்றர் அரசன்' என்று அழைத்தவருமான சோலு டுமா நிலத்தை விற்க விரும்பவில்லை. பேச்சு முறியும் தறுவாயில் ஸ்ரொக்ரன் தமது கைத்துப்பாக்கிகளில் ஒன்றை அயர்ஸிடம் கொடுத்துவிட்டு, மற்றதைத் தலைவரின் நெற்றிக்கு நேரே பிடித்தார் என்று கதை எழுதப்பட்டது. டிசம்பர் 15இல் பீற்றரும் வேறு சில தலைவர்களும் ஒப்பந்தத்தில் புள்ளடியிட்டார்கள். விலை: சில துப்பாக்கிகள், வெடிமருந்து, புகையிலை, பாசிமணி, இரும்புப் பானைகள், கத்தி, கரண்டி. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 300 டொலர் பெறுமதி. அதிலும் ஒரு பகுதி கடன்.

காணாமற் போனதாகக் கருதப்பட்ட அந்த உறுதியின் மூலப்படி 2021இல் சிகாகோவில் கண்டெடுக்கப்பட்டது. துப்பாக்கிக் கதை மிகைப்படுத்தப்பட்டது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உளர். அப்படியே இருக்கட்டும். துப்பாக்கி நெற்றியில் இருந்ததா, இடுப்பில் இருந்ததா என்பது இரண்டாம் கேள்வி. கரைக்கு அப்பால் பீரங்கிக் கப்பல் ஒன்று நங்கூரமிட்டு நிற்கையில் நடக்கும் பேச்சுவார்த்தையில் 'சம்மதம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதே முதற்கேள்வி.

1822இல் குடியேறிகள் வந்திறங்கினார்கள். தலைவர்கள் பொருட்களைத் திருப்பித் தர முயன்றார்கள். உள்நாட்டில் செல்வாக்குப் பெற்றிருந்த சாவோ போசோ என்ற தலைவர் மத்தியஸ்தம் செய்தார். பொருளை வாங்கிக்கொண்டபின் பேச்சு மாற முடியாது என்பது அவரது தீர்ப்பு. ஆயினும் அவ்வாண்டு நவம்பரிலும் டிசம்பரிலும் கரையோர மக்கள் திரண்டு வந்து தாக்கினார்கள். குடியேறிகள் பீரங்கியால் அவர்களைச் சிதறடித்தார்கள். பீரங்கியைத் தன் புகைக்குழாயின் தணலால் கொளுத்தியதாகச் சொல்லப்படும் மட்டில்டா நியூபோர்ட் என்ற பெண் அந்த நாட்டின் வீராங்கனையானார். டிசம்பர் முதலாம் நாள் அவர் பெயரால் பின்னர் விடுமுறையாயிற்று. சுடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் அந்நாளைக் கொண்டாடவேண்டியிருந்தது.

குடியேறிகளின் பக்கத்தை நாம் மறந்துவிடக் கூடாது. அவர்களுக்குச் சார்பாக மூன்று நியாயங்கள் சொல்லப்படுவதுண்டு. மூன்றும் கனமானவை.

முதலாவது, வேறு வழியில்லை என்பது. 1820க்கும் 1843க்கும் இடையில் வந்திறங்கிய 4,571 பேரில் 1843இல் உயிரோடிருந்தவர்கள் 1,819 பேர் மாத்திரமே. இவர்கள் செல்வம் தேடி வந்த வெள்ளைத்துரைகள் அல்லர். ஆனால், பசித்தவர் ஒரு பிடி சோற்றை எடுத்ததை நியாயப்படுத்தும் காரணம், அவர் வீட்டுக்காரரை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டுவதை நியாயப்படுத்தாது. நெருக்கடி, கரையேறும் உரிமையைத் தரும். ஆளும் உரிமையைத் தராது.

இரண்டாவது, விலை கொடுத்து வாங்கினோம் என்பது. சாவோ போசோவே ஏற்றுக்கொண்ட நியாயம் இது. ஆனால் விற்கப்பட்டது என்ன? அந்தக் கரையில் அந்நியரை வரவேற்க நெடுங்கால வழக்கம் ஒன்று இருந்தது. வந்தவருக்கு உள்ளூர்த் தலைவர் ஒருவர் பொறுப்பேற்பார். குடியிருக்கவும் வியாபாரம் செய்யவும் இடம் கொடுப்பார். வந்தவர் அன்பளிப்புக் கொடுத்து, அந்த ஊரின் முறைக்கு அடங்கி வாழ்வார். நிலம் ஊராருடையதாகவே இருக்கும். இந்த வழக்கத்தில் வளர்ந்த ஒருவர் புள்ளடியிட்டபோது 'வந்து இருங்கள்' என்றே எண்ணியிருக்கக் கூடும். தாளில் இருந்ததோ 'நீங்கள் இனி இல்லை' என்பது. விருந்தோம்பல் ஒரு கையெழுத்தில் விற்பனையாகிவிட்டது.

மூன்றாவது, அந்தத் தலைவர்களும் நல்லவர்கள் அல்லர் என்பது. உண்மை. அந்தக் கரையில் அடிமை வியாபாரம் நடந்தது. தலைவர்கள் பலர் அதில் ஆதாயம் பெற்றார்கள். குடியேற்றம் அதற்கு இடைஞ்சல் என்பதும் அவர்களின் எதிர்ப்புக்கு ஒரு காரணம். ஆனால் நூறாண்டு கழித்து நடந்ததைப் பார்ப்போம். லைபீரியாவின் பூர்வகுடித் தொழிலாளர்கள் பெர்னாண்டோ போ தீவுக்குக் கட்டாயமாக அனுப்பப்பட்டதைச் சர்வதேச சங்கத்தின் விசாரணைக்குழு 1930இல் அம்பலப்படுத்தியது. அடிமைகளின் வழிவந்தவர்கள் நடத்திய அரசு மனிதரைக் கப்பலேற்றியிருந்தது. ஜனாதிபதி கிங் பதவி விலகினார். மற்றவரின் குற்றம் எமது உரிமைக்கு ஆதாரமாகாது. அதிலும் அதே குற்றத்தை நாமே செய்யத் தொடங்கும்போது பேசவே வேண்டியதில்லை.

கடற்படை அந்தக் கரைக்கு மீண்டும் மீண்டும் வந்தது. 1843இல் தளபதி மத்தியூ பெரி தமது கப்பல் அணியுடன் வந்து கரையோரத் தலைவர்களை அழைத்துப் பேச்சு நடத்தினார். முன்னர் ஓர் அமெரிக்க வணிகக் கப்பலின் மாலுமிகள் கொல்லப்பட்டதற்கு நியாயம் கேட்பது ஒரு நோக்கம். குடியேறிகளுக்கும் அயலவருக்கும் இருந்த பிணக்குகள் இன்னொன்று. டிசம்பரில் லிற்றில் பெரிபீயில் பேச்சு கைகலப்பாயிற்று. பென் கிராக்கோ என்ற தலைவர் கொல்லப்பட்டார். கிராமங்கள் எரிக்கப்பட்டன. பத்தாண்டு கழித்து, 1853இல், யப்பானின் கதவைத் தட்டியவரும் இதே பெரிதான். மெசுராடோவில் நிலம் பெற்ற ஸ்ரொக்ரனும் 1846இல் கலிபோர்னியாவைக் கைப்பற்றும் வேலையில் இருந்தார். 1870களில் பல்மாஸ் முனையில் கிரேபோ மக்களுக்கும் லைபீரிய அரசுக்கும் போர் மூண்டபோது அலாஸ்கா என்ற போர்க்கப்பல் வந்தது.

இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய விடயம் இருக்கிறது. கப்பல் போய்விடும். அயலவர் போகமாட்டார். பீரங்கியைக் காட்டி உறுதி எழுதிய தளபதிக்கு அடுத்த கடல், அடுத்த கரை, பதவியுயர்வு எல்லாம் உண்டு. அந்த உறுதியின் மேல் வீடு கட்டிக் குடியிருந்து, கிணற்றடியிலும் சந்தையிலும் அந்த மக்களின் முகத்தில் விழிக்கவேண்டியவர்கள் குடியேறிகள். வல்லவரின் துணையால் கிடைத்த நிலம், அயலவரோடு பேசிப் பழகவேண்டிய கட்டாயத்தை இல்லாமற் செய்துவிடுகிறது. அந்தக் கட்டாயம் போய்விட்டால் நியாயமும் கூடவே போய்விடுகிறது.

1847இல் லைபீரியா சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தது. விடுதலை மீதான காதலே எம்மை இங்கு கொண்டுவந்தது என்ற பொருளில் ஒரு வாசகத்தை அது தன் இலச்சினையில் பொறித்துக்கொண்டது. 'எம்மை' என்ற அந்தச் சொல்லுக்குள் ஏற்கனவே அங்கிருந்தவர்கள் இல்லை. அவர்கள் எவராலும் கொண்டுவரப்பட்டவர்கள் அல்லரே! அவர்களுக்கு வாக்குரிமை கிட்ட 1940களின் நடுப்பகுதிவரை செல்லவேண்டியிருந்தது. சனத்தொகையில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான குடியேறி வழியினரே 1980 ஏப்ரல் 12 வரை நாட்டை ஆண்டார்கள். அன்று ஜனாதிபதி டோல்பேர்ட் கொல்லப்பட்டார். பத்து நாட்களின் பின் பதின்மூன்று அதிகாரிகள் கடற்கரையில் கம்பங்களில் கட்டிச் சுடப்பட்டார்கள். 1989க்கும் 2003க்கும் இடையில் இரண்டு உள்நாட்டுப் போர்கள் நடந்தன. அந்தக் கொலைகளை நியாயப்படுத்த நாம் இதைச் சொல்லவில்லை. கேட்காமல் விட்ட கேள்வி எவ்வளவு காலம் காத்திருக்கும் என்பதற்காகவே சொல்கிறோம்.

எம்மில் பலர் வாழும் டொரொன்ரோவுக்கும் ஓர் உறுதி உண்டு. 1787இல் மிசிசாகா மக்களிடமிருந்து பிரித்தானியர் அந்த நிலத்தை வாங்கினர் என்பார்கள். பின்னர் தேடியபோது அகப்பட்ட உறுதியில் நில விபரம் எழுதவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தலைவர்களின் குறிகள் வேறு துண்டுத் தாள்களில் இருந்து, அதில் ஒட்டப்பட்டிருந்தன. 1805இல் 10 சிலிங்குக்கு அது மறுபடி எழுதப்பட்டது. 2010இல்தான் கனடிய அரசு 145 மில்லியன் டொலர் கொடுத்து அந்த வழக்கைத் தீர்த்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்திறங்கிய எம்மவர் பலரின் முதல் முகவரியான வெல்லஸ்லி, பார்லிமென்ற் வீதிகளின் மாடிக் குடியிருப்புகள் அந்த நிலத்தின் மேல்தான் நிற்கின்றன.

அந்தத் தாளை நாம் எழுதவில்லை. அதற்காக நெஞ்சில் அடித்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. குற்றவுணர்வு பெரும்பாலும் எம்மைப் பற்றிய இன்னொரு கதையாகவே முடிந்துவிடும். ஆனால் புகலிடம் கேட்பது வேறு, உரிமை கொண்டாடுவது வேறு என்பதை மறக்காதிருக்கலாம். புகலிடம் கேட்பவர் 'எனக்கும் இடம் தாருங்கள்' என்கிறார். அதில் மற்றவர் இருக்கிறார். 'நான் துயரப்பட்டவன், ஆகவே இது எனது' என்பதில் மற்றவர் இல்லை. எமது துயரத்துக்கு நியாயம் கேட்க எமக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்த நியாயத்தைத் தரவேண்டியவர்கள் எம்மைத் துரத்தியவர்கள். சோலு டுமாவிடமிருந்து அதைப் பெற்றுக்கொள்ள முடியாது.